ஹாட்பாட்: சைவமும் அசைவமும் ஒரே மேசையில் ஒத்துவருமா?

தூறல்:
நண்பர்கள் சேர்ந்து முதல் தடவையாக ஹாட்பாட் (மேசையில் கொதிக்கும் சூப்பில் காய், இறைச்சியை நாமே போட்டு வேகவைத்துச் சாப்பிடுவது) சாப்பிடப் போகிறோம். எங்களில் ஒருத்தி சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டாள். மற்றவர்கள் எல்லாமே சாப்பிடுவோம். நடுவில் தடுப்பு வைத்த பாத்திரம் கேட்டால் ஒரு பக்கம் அவளுக்கு, ஒரு பக்கம் எங்களுக்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரிப்பட்டு வருமா? எதை எப்போது போடுவது என்பதும் யாருக்கும் தெரியாது. அவள் வெறும் நூடுல்ஸைக் கொறித்துவிட்டு எழுந்து வரும்படி ஆகக் கூடாது, அதுதான் எனக்கு முக்கியம்.

கல்சட்டி:
தடுப்பை நம்பாதீர்கள். காரம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் சேர்ந்து சாப்பிடத்தான் அது வசதி. சூப் தளதளவென்று கொதிக்கும்போது இந்தப் பக்கத்துத் துளி அந்தப் பக்கம் தெறிக்கும், போதாததற்குப் பேச்சு மும்முரத்தில் யாராவது கரண்டியை மாற்றிப் போட்டுவிடுவார்கள். அதைவிடப் பெரிய விஷயம் சூப்பே. சீனாவின் சோங்சிங் நகரப் பாணி சிவப்பு சூப்புக்கு மாட்டுக் கொழுப்புதான் ஆதாரம். தக்காளி சூப், காளான் சூப் என்று பெயர் இருந்தாலும் கோழியோ எலும்போ வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம், கேட்டே ஆக வேண்டும். தொட்டுக்கொள்ளும் சாஸ்களிலும் கவனம்: சிப்பி சாஸ், மீன் சாஸ் தெரிந்ததுதான், ஆனால் ஷாச்சா என்ற சீனச் சாஸில் உலர்ந்த இறாலும் மீனும் இருக்கும். நண்டுக் குச்சி என்று சிவப்பும் வெள்ளையுமாக வருவது அரைத்த மீன். ஆளுக்கொரு சின்னச் சட்டி தரும் கடையாகப் பாருங்கள், இந்தத் தொல்லை பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

வெந்நீர்:
போடும் வரிசையைப் பற்றி நான் சொல்கிறேன். சூப் கொதித்த பிறகுதான் எதையும் போட வேண்டும், தட்டில் இருப்பதை எல்லாம் மொத்தமாகக் கவிழ்த்தால் கொதி அடங்கி எல்லாமே அரைவேக்காடாக நிற்கும். முள்ளங்கி, சோளம், உருளைக்கிழங்கு முதலில். மீன் உருண்டை மேலே மிதந்த பிறகும் ஓரிரு நிமிடம் விடுங்கள். தாள் போலச் சீவிய மாட்டிறைச்சியைச் சாப்ஸ்டிக்கில் பிடித்தபடியே சூப்பில் அலசினால் கால் நிமிடத்துக்குள் நிறம் மாறிவிடும், கையை விட்டால் அடியில் போய் ரப்பராகிவிடும். கோழியும் பன்றியும் அப்படி இல்லை, உள்ளே சிவப்பு துளிகூட இருக்கக் கூடாது. பச்சை இறைச்சியை எடுக்க ஒரு ஜோடி, சாப்பிட இன்னொரு ஜோடி, இதில் மட்டும் யாருக்கும் சலுகை தராதீர்கள். கீரையைக் காரப் பக்கத்தில் போடவே வேண்டாம், மேலே மிதக்கும் மிளகாய் எண்ணெய் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு வரும். நூடுல்ஸ் கடைசியில்தான், முன்னாலேயே போட்டால் மாவு கரைந்து சூப் கெட்டியாகி அடிபிடிக்கும்.

அப்புறம், நேரம் ஆக ஆகச் சூப் சுண்டி உப்பு ஏறும். தயங்காமல் ஊற்றச் சொல்லிக் கேளுங்கள். சூப்பைக் குடிக்க ஆசை இருந்தால் இறைச்சி விழுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சிக்கொத்து:
மாலா சூப் (மிளகாயும் சிச்சுவான் மிளகும் சேர்ந்த காரச் சூப்) வாங்கினால் உதடு மரத்துப்போகும், பயப்பட வேண்டாம். சிச்சுவான் மிளகில் உள்ள சான்ஷூல் என்ற பொருளின் வேலை அது. 2013இல் லண்டன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், அந்த விறுவிறுப்பு நொடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுகளாக உணரப்படுகிறது என்று தெரிந்தது. மிளகாய்க் காரம் தண்ணீரில் கரையாது, அதனால் வாய் எரிந்தால் பால் சேர்ந்த ஏதாவது குடியுங்கள்.

தூறல்:
எல்லோருக்கும் நன்றி. கடைக்குப் போன் செய்து கேட்டேன். தனிச்சட்டி உண்டாம், ஆனால் கல்சட்டி சொன்னதுபோலவே இருக்கிற எல்லா சூப்பிலும் கோழி எலும்புதான். இப்போது என்ன செய்வது?

கல்சட்டி:
வெறும் வெந்நீர் கேளுங்கள். ஜப்பானிய ஹாட்பாட்டான ஷாபு-ஷாபுவே கொம்பு என்ற கடற்பாசி ஊறிய தண்ணீரில் தொடங்குவதுதான். உலர்ந்த ஷிடாகே காளான், சோளத் துண்டு, தக்காளி, முள்ளங்கி, நசுக்கிய இஞ்சி, வெங்காயத்தாள் எல்லாம் போட்டு இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் நல்ல சூப் உங்கள் சைவத் தோழியின் கண்முன்னாலேயே தயார். சோளமும் முள்ளங்கியும் இனிப்பு தரும், காளான் ஆழம் தரும், சோயா சாஸ் ஊற்றினால் உப்பும் சரியாகிவிடும். டோஃபு, தாமரைத்தண்டு, எனோகி காளான் எல்லாம் அவர் தட்டில் தனியாக வரட்டும், பொதுத் தட்டில் இறைச்சியோடு சேர்த்து வைக்க வேண்டாம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.