பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு நாமே செய்து பொருத்திய துணைக்கருவிகள்: அனுபவப் பகிர்வு

உற்பத்தி நின்றுபோன மோட்டார் சைக்கிளை வைத்திருப்பவர், தமக்கு வேண்டிய கேரியரையோ கருவிப் பெட்டியையோ காற்றுத் தடுப்பையோ ஒரு கட்டத்தில் தாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடையில் கிடைப்பவை இன்றைய வண்டிகளுக்கு அளவெடுத்தவை. அவற்றைப் பழைய வண்டியில் உட்காரவைக்கப் போனால், புதிதாகச் செய்வதைவிடக் கூடுதலான வேலை வந்து சேரும். என்னுடைய ஒற்றைச் சிலிண்டர் வண்டிக்கும் நண்பர்களுடைய வண்டிகளுக்கும் இத்தகைய பொருள்களைச் செய்தும், பிறர் செய்தவற்றைப் பழுதுபார்த்தும் வருபவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். செய்த பொருள் கெட்டுப்போவது அரிது; அதை வண்டியோடு பிணைத்திருக்கும் தாங்கியோ போல்ட்டோ ஒயர் முனையோதான் முதலில் கைவிடுகிறது. ஆகவே, எதைச் செய்தீர்கள் என்பதோடு, அதை எங்கே எப்படிப் பிடிக்கவைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தொடக்கமாக ஒரு கேரியரைப் பற்றிச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் இரும்புப் பட்டையை வளைத்து, இருக்கைக்குப் பின்னால் இரண்டே இடங்களில் பிடிக்கும்படி அழகான கேரியர் ஒன்றைச் செய்திருந்தார். பற்றவைப்பு மிக நேர்த்தியாக இருந்தது. சில மாத ஓட்டத்தில் அது முறிந்தபோதும் பற்றவைத்த இடம் அப்படியே இருக்க, அதை ஒட்டினாற்போல் இருந்த பட்டைதான் குறுக்காக விரிசல் விட்டிருந்தது. பற்றவைப்பின் சூட்டினால் அந்த ஓரத்தில் இரும்பின் தன்மை மாறிவிடுகிறது. தடிமனும் திடீரென்று மாறுவதால் வளைவின் அழுத்தம் முழுவதும் அந்தக் கோட்டிலேயே குவிகிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடுகிறது என்றால், ஒரு மணி நேரப் பயணத்தில் அந்தக் கோடு 2,40,000 முறை அசைக்கப்படுகிறது. கையால் ஆட்டிப் பார்த்து, 'அசையவில்லை, உறுதியாகத்தான் இருக்கிறது' என்று சொல்வதற்கு இந்தக் கணக்கின் முன் பொருளே இல்லை.

அதே பட்டையைக் கொண்டே அந்தக் கேரியரைத் திரும்பக் கட்டினோம். மூன்றாவதாக ஒரு தாங்கு கம்பியைக் கீழ்நோக்கிக் கொண்டுபோய், பின்பக்க ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டோடு சேர்த்து முக்கோணமாக்கினோம். அந்த இடத்தில் நீளமான போல்ட் தேவைப்பட்டது, தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட்டையே போட்டோம், ஏனெனில் அது கேரியரை மட்டுமல்லாமல் வண்டியின் பின்பாகத்தையே தாங்கும் போல்ட். சட்டகத்தில் ஒரு துளைகூட இடவில்லை. இன்றுவரை நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் விதி இது ஒன்றுதான்: ஏற்கெனவே உள்ள துளைகளையும் போல்ட்டுகளையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், கழற்றினால் வண்டி பழையபடியே இருக்க வேண்டும். பளுவைப் பொறுத்தவரை, பின்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்கும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல்போல் முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொரு சிறிய பொருள், வடிகால் குழாயில் செய்யும் கருவிப் பெட்டி. 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டின் ஒரு முனையை ஒட்டி அடைத்து, மறுமுனைக்குத் திருகு மூடி போட்டால் வேலை முடிந்தது. ஏறத்தாழ 80 பாகை செல்சியஸில் பி.வி.சி. இளகிவிடும் என்பதால் சைலன்சர் பக்கம் போகக் கூடாது. அடிப்பகுதியில் நீர் வடிய ஒரு சிறு துளையும், உள்ளே கருவிகள் கலகலக்காமலிருக்கச் சுற்றிவைக்க ஒரு துணியும் வேண்டும்.

மின் இணைப்பு வேலை பார்க்கும் உறுப்பினரின் பதில்

முறிந்த கேரியர் கண்ணுக்குத் தெரியும். ஒயரிங்கில் நேரும் கோளாறு தெரியாது என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். என்னிடம் வரும் பழைய வண்டிகளில் மிகுதியாகக் காண்பது, சாதாரண இண்டிகேட்டர் பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. பல்புகளைப் போட்டதனால் வரும் குழப்பம். ஒருவர் வண்டியில் இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் நான்கு மூலைகளும் எரிந்தன, ஆனால் ஒன்றுகூடக் கண்சிமிட்டவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு காரணங்களால் வந்தவை.

இண்டிகேட்டரைக் கண்சிமிட்டவைக்கும் பழைய ஃபிளாஷருக்குள் இருப்பது, சூட்டில் வளைந்து மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் இரட்டை உலோகத் தகடு. 21 வாட் பல்புகள் இரண்டு எரியும்போது 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர் பாய்ந்து அந்தத் தகட்டைச் சூடாக்குகிறது, எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் சொற்ப மின்சாரத்தில் தகடு சூடாவதே இல்லை, ஆகவே விளக்கு எரிந்தபடியே நிற்கிறது. எல்.இ.டி.க்கு ஏற்ற மின்னணு ஃபிளாஷரை மாற்றினால் இது சரியாகிவிடும்.

நான்கும் சேர்ந்து எரிவதற்குக் காரணம் மீட்டரில் உள்ள ஒற்றை அடையாள விளக்கு. பல பழைய வண்டிகளில் அந்தச் சிறு பல்பின் ஒரு முனை இடப்பக்க ஒயரிலும் மறுமுனை வலப்பக்க ஒயரிலும் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு பக்கத்து மின்சாரம் அதன் வழியே மறுபக்கத்து இழை பல்புகளைக் கடந்து எர்த்துக்குப் போகும். இழை பல்பை எரியவைக்க அந்த மின்சாரம் போதாது என்பதால் எவரும் கவனிப்பதில்லை, எல்.இ.டி.க்கோ அது தாராளமாகப் போதும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும், ஒரு ஆம்பியர் தாங்கும் சாதாரண டயோடுகள் இரண்டை எடுத்து, இடப்பக்க ஒயரிலிருந்து ஒன்றும் வலப்பக்க ஒயரிலிருந்து ஒன்றுமாக அடையாள விளக்கின் ஒரே முனைக்குக் கொண்டுவந்து, விளக்கின் மறுமுனையை எர்த் செய்துவிட்டால் மின்சாரம் அந்தப் பக்கம் தாண்டாது. பேட்டரியின் நெகட்டிவ் சட்டகத்தோடு இணைந்திருக்கும் நெகட்டிவ் எர்த் வண்டிக்கு டயோடின் கோடு போட்ட முனை விளக்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்று பெரிய பல்பைப் போடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 6 வோல்ட் வண்டியில் 35 வாட் பல்பு ஏறத்தாழ 5.8 ஆம்பியர் எடுக்கிறது. பல ஆண்டுகள் உழைத்த சுவிட்சிலும் இணைப்புகளிலும் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தாலே அரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிட மிக வேகமாகக் குறைவதால், இந்தப் பத்தில் ஒரு பங்கு இழப்பு வெளிச்சத்தில் பத்தில் மூன்று பங்கைத் தின்றுவிடுகிறது. பெரிய பல்பு போட்டால் மின்சாரம் கூடி, இழப்பும் கூடுகிறது, சுவிட்சும் கருகுகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் முனையிலும் வைத்து, விளக்கை எரியவிட்டுப் பாருங்கள். எவ்வளவு வோல்ட் வழியில் கரைகிறது என்பது நேராகவே தெரிந்துவிடும். சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்சான ரிலே ஒன்றைப் பொருத்தி, பேட்டரியிலிருந்து 30-ஆம் முனைக்கும், 87-ஆம் முனையிலிருந்து பல்புக்கும் கனமான ஒயரைக் கொண்டுபோய், பழைய சுவிட்சின் ஒயரை 86-இலும் எர்த்தை 85-இலும் கொடுத்தால், சுவிட்ச் ரிலேயை இயக்கும் சிறு மின்சாரத்தை மட்டுமே சுமக்கும். 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் ரிலேயே வேண்டும். ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். பல்பின் பக்கத்தில் ஃப்யூஸ் போட்டிருந்த வண்டியில் ஒயர் உராய்ந்து சட்டகத்தைத் தொட்டபோது, அது உருகாமல் ஒயரின் உறைதான் முழு நீளத்துக்கும் உருகியிருந்தது.

வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் உறுப்பினரின் பதில்

கேரியர் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வண்டியிலேயே வைத்துப் பற்றவைக்கச் சொல்லி வருபவர்களிடம், முதலில் பேட்டரியையும் ரெகுலேட்டரையும் மின்னணு இக்னிஷன் இருந்தால் அதையும் கழற்றிவிட்டு வரச் சொல்கிறேன். எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில் மாட்ட வேண்டும். எங்கோ சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து, உள்ளே குண்டுகளின்மீது பொறி விழுந்து குழிகள் உண்டாகிவிடும். சைடு ஸ்டாண்டின் பாதத்துக்கு அகலத் தகடு சேர்ப்பதுதான் என்னிடம் அதிகமாக வரும் வேலை. மண் தரையில் அது மிகவும் உதவும், ஆனால் மடக்கிய நிலையில் வண்டியைச் சாய்த்துப் பார்த்து, தகடு தரையைத் தொடுகிறதா என்று சரிபார்த்த பிறகே முழுமையாகப் பற்றவைக்க வேண்டும்.

நெடுந்தூரம் ஓட்டும் உறுப்பினரின் பதில்

நான் செய்து பொருத்தியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது செயினுக்கு எண்ணெய் சொட்டும் அமைப்பு. சிறிய பிளாஸ்டிக் குப்பி, மெல்லிய குழாய், ஓட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு ஊசித் திருகு, அவ்வளவே. எண்ணெய் நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் போதும்; அதற்கு மேல் விழுவது செயினில் நிற்காமல் ரிம்மிலும் டயரிலும்தான் போய்ச் சேரும். குழாயின் முனை பின் ஸ்ப்ராக்கெட்டின் கீழ்ப்புறத்தில், பற்களுக்குச் சற்று உட்புறமாக அதன் பக்கவாட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். சுழற்சியின் விசையே எண்ணெயை வெளிநோக்கிச் செயினுக்குத் தள்ளிவிடுகிறது.

இதிலும் பிடிமானம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது. மற்றொருவர் வண்டியில் குழாயைச் சட்டகத்தில் கட்டியிருந்தார்கள். சட்டகம் ஓரிடத்தில் நிற்க, பள்ளத்தில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் ஆடியதில் குழாயின் முனை ஸ்ப்ராக்கெட்டுக்குள் சிக்கி அறுந்துபோயிருந்தது. ஸ்விங் ஆர்மிலேயே கட்டினால் குழாயும் சக்கரமும் சேர்ந்தே ஆடும். குப்பி தானாகச் சொட்டும் வகை என்பதால், வண்டியை நிறுத்தியவுடன் திருகை மூட வேண்டும். இல்லையென்றால் காலையில் தரையிலும் டயரிலும் எண்ணெய் நிற்கும். வெயிலில் எண்ணெய் இளகிச் சொட்டு வேகமெடுக்கும் என்பதால், குளிர்ந்த வேளையில் அளவை அமைப்பவர்கள் நண்பகலில் ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

காற்றுத் தடுப்பு செய்தவரின் பதில்

ஹேண்டில்பாருக்கு முன்னால் பொருத்தும் காற்றுத் தடுப்புக்கு அக்ரிலிக், பாலிகார்பனேட் ஆகிய இரண்டு தகடுகளும் பயன்படுகின்றன. அக்ரிலிக் கீறல் எளிதில் விழாமல் தெளிவாக இருக்கும், ஆனால் அடிபட்டால் கூரான துண்டுகளாக உடையும். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் எளிதில் கீறல் விழும். நான் பாலிகார்பனேட்டையே தேர்ந்தெடுத்தேன். அரை மீட்டர் நீளத் தகடு 30 பாகை வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும் என்பதால், போல்ட்டைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிய துளையிட்டு, ரப்பர் குரோமெட் போட்டு, நைலான் வளையம் உள்ள நட்டை இறுக்காமல் அமர்த்த வேண்டும். போல்ட் கழலாமலிருக்க ஊற்றும் திருகுப் பசையை இங்கே பயன்படுத்தவே கூடாது. ஒருவருடைய தடுப்பில் எல்லாத் துளைகளையும் சுற்றிச் சிலந்தி வலைபோல் விரிசல்கள் இருந்தன. அடி எதுவும் பட்டிருக்கவில்லை, போல்ட்டில் தடவிய பசைதான் பாலிகார்பனேட்டைத் தாக்கியிருந்தது. பெரிய தடுப்பை ஹேண்டில்பாரிலேயே மாட்டினால், வேகத்தில் காற்றின் தள்ளுதல் நேராகத் திருப்பத்துக்குள் வந்து வண்டி அலையத் தொடங்கும் என்பதால், சிறிய தகட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

தொடங்கியவரின் மறுமொழி

பசை பற்றிய குறிப்பு எனக்கே புதிது, நன்றி. துணைக்கருவிகளோடு சிறு கருவிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தேய்ந்துபோன கிளட்சின் வெற்று இரும்புத் தகடு ஒன்றில் ஒரு நீண்ட பட்டையைப் பற்றவைத்தால், அதன் உட்பற்கள் கிளட்ச் மையத்தைப் பிடித்துக்கொள்ள, நடு நட்டைப் பதற்றமின்றிக் கழற்றலாம். இரண்டு கார்புரேட்டர் உள்ள வண்டிக்கு, நீளமான, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் ஆங்கில 'யு' வடிவில் கட்டி, கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் ஊற்றி, இரு முனைகளையும் வெற்றிடத் துளைகளில் மாட்டினால், எந்தப் பக்கம் இழுவை அதிகமோ அந்தப் பக்கம் எண்ணெய் ஏறும். தவறிப்போய் எஞ்சின் உறிஞ்சிக்கொண்டாலும் எரிந்துவிடும் என்பதற்காகத்தான் இந்த எண்ணெய்.

பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருப்பவர்கள் போல்ட் போடும்போது மரையைப் பார்த்துப் போடுங்கள். பழைய பிரிட்டிஷ் மரை அளவான விட்வொர்த்தில் 5/16 அங்குலத் துளை 7.94 மில்லிமீட்டர் என்பதால் 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாகப் போகும். மரை இடைவெளி வேறு என்பதால் அதற்கு மேல் இறுகும்போது, துருதான் காரணம் என்று நினைத்து நெம்பினால் அலுமினிய உறையின் மரை முழுவதும் உதிர்ந்துவிடும்.

புதிய உறுப்பினரின் கேள்வி

என்னுடையது பாசிட்டிவ் எர்த் உள்ள பழைய பிரிட்டிஷ் வண்டி. 12 வோல்ட் பேட்டரி. கைப்பேசிக்கு மின்னேற்றும் யு.எஸ்.பி. சாக்கெட்டை ஹேண்டில்பாரில் பொருத்தலாமா, ஐயா?

மின் இணைப்பு வேலை பார்க்கும் உறுப்பினரின் பதில்

பொருத்தலாம், ஆனால் கவனம் தேவை. சாதாரண சாக்கெட்டுகளில் உள்ளே வரும் நெகட்டிவும் வெளியே போகும் நெகட்டிவும் ஒன்றாகவே இணைந்திருக்கும், யு.எஸ்.பி. முனையின் உலோக உறையும் அதோடு சேர்ந்ததே. உங்கள் வண்டியில் சட்டகம் பாசிட்டிவ் என்பதால், அந்த உறை ஹேண்டில்பாரைத் தொட்ட மாத்திரத்தில் பேட்டரி ஷார்ட் ஆகிவிடும். ஆகவே உலோக உடல் கொண்ட சாக்கெட்டை வாங்காதீர்கள். முழுவதும் பிளாஸ்டிக் உறையில் இருப்பதை, ரப்பர் பட்டை சுற்றி மாட்டுங்கள். சாக்கெட்டின் சிவப்பு ஒயர் சட்டகத்துக்கும் கறுப்பு ஒயர் பேட்டரியின் நெகட்டிவுக்கும் போக வேண்டும், ஃப்யூஸ் அந்தக் கறுப்பு ஒயரில் இருக்க வேண்டும். மின்னேற்றும்போது கேபிளின் முனையோ கைப்பேசியின் உலோக விளிம்போ ஹேண்டில்பாரில் படாதபடி கைப்பேசித் தாங்கியும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். இணைத்து முடித்ததும், கைப்பேசியைச் செருகுவதற்கு முன், வெளிவரும் 5 வோல்ட்டை எஞ்சின் வேகமாக ஓடும்போதும் மெதுவாக ஓடும்போதும் மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.