ஓபியாய்டு சிகிச்சை: வீட்டாரையும் சேர்க்க வேண்டுமா?

செந்தூரன்: என் தம்பி வலி மாத்திரையில் ஆரம்பித்து ஓபியாய்டுக்கு, அதாவது அபின் வகை மருந்துகளுக்கு, அடிமையாகி, இப்போது அதற்கான சிகிச்சை மருந்தான புப்ரெனார்ஃபின் எடுக்கிறான். வீட்டாரும் கவுன்சலிங்குக்கு வரலாம் என்கிறார் மருத்துவர். இவன் கூடாது என்கிறான். கூட இருப்பவர்களை வெளியே நிறுத்திவிட்டு இந்தச் சிகிச்சை எப்படி நடக்கும்?

யாழினி: நடக்கும். நானும் அதே மருந்தில் இருப்பவள். வீட்டார் உள்ளே வந்ததும் சிகிச்சை விசாரணையாகிவிடுகிறது. நாக்குக்கடியில் மாத்திரை கரையும்வரை அம்மா எதிரிலேயே நிற்பார், அப்புறம் "வாயைத் திற" என்பார். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று மாமா. இந்தப் பேச்சு தாங்காமல் மருந்தையே நிறுத்தியவர்கள் உண்டு.

செந்தூரன்: விவரம் தெரியாமல் பேசுகிறார்கள். அதனால்தான் மருத்துவர் முன்னால் உட்கார வேண்டும் என்கிறேன். அந்த மருந்து ஏக்கத்தை அடக்கத்தான், போதைக்கு இல்லை என்று அவர் வாயால் கேட்டால் உங்கள் மாமாவே அடங்குவார்.

மருது: செந்தூரன் பக்கம் நான். 1999இல் மில்லர், மேயர்ஸ், டோனிகன் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வர மறுத்த குடிநோயாளிகளின் வீட்டாருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். போதை இல்லாத நேரத்தில் அன்பாக இருப்பது, போதையில் இருந்தால் சண்டை போடாமல் விலகுவது என்று போகும் கிராஃப்ட் முறையில் 64% பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி நெருக்கும் முறையில் 30% தான்.

யாழினி: அது மது. அதுவும் வராதவர்களை வரவைத்த கதை. இவர் தம்பி தானாகவே வந்துவிட்டாரே! அங்கேயும் நெருக்கியது பலிக்கவில்லை என்றுதானே நீங்களே சொல்கிறீர்கள்?

செந்தூரன்: சரி, ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நிற்கப் போகும்போது மூக்கில் அடித்து மீட்கும் நலாக்சோன் மருந்துக்கு என்ன சொல்கிறீர்கள்? கொஞ்ச நாள் விட்டவனுக்கு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவே மூச்சை நிறுத்திவிடும். மயங்கிக் கிடப்பவன் தன் மூக்கில் தானே ஸ்ப்ரே அடிக்க முடியாது. 30 முதல் 90 நிமிடத்தில் அதன் வீரியம் குறைந்து மறுபடி மூச்சு தடுமாறலாம், ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வீட்டார் போன்றவர்கள் கையில் அது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2014இல் சொல்லிவிட்டது.

யாழினி: இதில் எனக்கு மறுப்பே இல்லை, வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு அவர் கவுன்சலரிடம் என்ன பேசினார் என்று தெரிய வேண்டியதில்லை. யார் வரலாம், எதுவரை கேட்கலாம் என்று அவரே சொல்லட்டும். அவர் அக்காவை மட்டும் கூப்பிட்டால் நீங்கள் கோபப்படக் கூடாது.

செந்தூரன்: படமாட்டேன். யாருமே வேண்டாம் என்றால் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

யாழினி: கேளுங்கள். மாத்திரையை மட்டும் எண்ணாதீர்கள்.