பெயர் கிடைக்கவில்லை என்று எரிச்சல் வந்தால், செய்தது உதவி இல்லையா?

மூன்றாம்மாடி:

சொல்லவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்குக் காய்ச்சல் ஏறி, பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது. குடும்பம் வெளியூரில். நான்தான் மருத்துவமனையில் சேர்த்தேன். மூன்று இரவு அவர் கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். நெருங்கிய நண்பர்கூட இல்லை, பார்த்தால் தலையசைக்கிற பழக்கம்தான். நான்காம் நாள் காலை அவர் தம்பி வந்ததும் கிளம்பிவிட்டேன்.

போன வாரம் வேலைக்குத் திரும்பியவர் எல்லாரையும் நிற்கவைத்து நன்றி சொன்னார். நான்காம் நாள் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போன ஒருவருக்கு அப்படி ஒரு புகழ்மாலை. என் பெயர் பத்தோடு பதினொன்று.

அன்றிலிருந்து உள்ளே எரிகிறது. கைம்மாறு கருதாமல் செய்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். எதையும் எதிர்பார்க்கவில்லை என்றால் ஏன் எரிய வேண்டும்? மனிதர்கள் உண்மையில் எதற்காக உதவுகிறார்கள்? கடைசியில் எல்லாம் தனக்காகத்தானா?

குறுக்குச்சால்:

தனக்காகத்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனிதனைச் சுயநலமி என்று எழுதிய ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸைப் பற்றி 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு கதை உண்டு. அவர் ஒரு பிச்சைக்காரருக்குக் காசு கொடுப்பதைப் பார்த்து ஒருவர் மடக்கினாராம். இந்தக் கிழவரைப் பார்த்து எனக்கு வேதனை வந்தது, காசு அவர் கஷ்டத்தையும் குறைக்கிறது, என் வேதனையையும் குறைக்கிறது என்றாராம் ஹாப்ஸ். பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1990இல் இதையே வேறு விதமாக எழுதினார்: கொடுக்கும்போது மனசுக்குள் ஒரு கதகதப்பு பரவுகிறது, அதற்காகவும் கொடுக்கிறோம் என்று. அந்தக் கதகதப்பு உங்களுக்கு அன்றே கிடைத்துவிட்டது. இப்போது ரசீதும் கேட்கிறீர்கள்.

பழையபாடம்:

ஹாப்ஸ் கதை நல்ல கதைதான். ஆனால் அதைச் சோதித்துப் பார்த்த ஆள் இருக்கிறார்: டேனியல் பேட்சன், அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர்.

என் வேதனை தீர வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், உதவுவதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. எழுந்து போய்விடலாம். கண்ணில் படாவிட்டால் வேதனையும் போய்விடும். ஆகவே கதவைத் திறந்துவைத்துப் பார்ப்போம், யார் போகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று யோசித்தார். 1981இல் வெளிவந்த சோதனையில் எலைன் என்ற பெண் மின்னதிர்ச்சி வாங்குவதை மாணவிகள் திரையில் பார்த்தார்கள். (உண்மையில் நடிப்பு, முன்பே பதிவு செய்தது.) சிலருக்கு இரண்டு சுற்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று சொன்னார்கள். மற்றவர்கள் பத்துச் சுற்றும் பார்க்க வேண்டும். நடுவில் எலைன் தடுமாற, 'அவளுக்குப் பதில் நீ உட்காருகிறாயா?' என்று கேட்டார்கள்.

எலைன் தன்னைப் போன்றவள் இல்லை என்று நினைத்தவர்களில், கதவு அடைத்திருந்தபோது 64 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். கதவு திறந்திருந்தால் 18தான். இவர்கள் ஹாப்ஸ் கட்சி. தன்னைப் போன்றவள் என்று நினைத்து மனம் இளகியவர்களோ கதவு திறந்திருந்தும் 91 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குக் கதவு ஒரு பொருட்டே இல்லை.

இதோடு சண்டை முடிந்துவிடவில்லை. ராபர்ட் சியால்டினி என்ற இன்னொரு உளவியலாளர், அது பரிவு இல்லை, அவளிடத்தில் தன்னையே பார்ப்பது என்று வாதாடினார். எனக்கென்னவோ, அடுத்தவரில் தன்னைப் பார்ப்பதைச் சுயநலம் என்றால் அந்தச் சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகிறது.

இரவுப்பணி:

நான் செவிலியர், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். கூட இருப்பவர்களிடம் ஒரு மணிவாக்கில் 'நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்வது எங்கள் வழக்கம். மேலே சொன்ன கதவு அதுதான். நிறைய பேர் போவார்கள், அதில் தப்பே இல்லை. உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்களே. அப்போது மனசில் என்ன ஓடியது? இன்றைய எரிச்சலை விட்டுவிட்டு அதைச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி:

சொன்னார்கள். முதல் இரவு. எழுந்து பையைக்கூட எடுத்துவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே போர்வையில் எதையோ தேடித் துழாவினார். கையைக் கொடுத்தேன், சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். விழித்தால் பக்கத்தில் ஆள் இருக்கமாட்டாரே என்று மட்டும்தான் தோன்றியது. என்னைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

இனி சொல்வதுதான் கஷ்டம். மறுநாள் காலை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் 'நான் கூட இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்' என்று போட்டேன். தகவலுக்காகத்தான். பதினொரு கும்பிடு வந்தது. எண்ணினேன் என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் இரவு ஃபோனை நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் இரவு இடுப்பு விட்டுப்போயிற்று, வீட்டுக்குப் போகத் துடித்தேன். ஆனால் இருக்கிறேன் என்று ஊருக்கே சொல்லிவிட்டு எப்படிப் போவது? கதவைப் பூட்டியது நானேதான்.

பழையபாடம்:

அப்படியானால் ஒரே கேள்விக்கு மூன்று பதில் வைத்திருக்கிறீர்கள்! எரிச்சல் விஷயம்: பரிணாம உயிரியலாளர் ராபர்ட் டிரைவர்ஸ் 1971இல் ஒரு கட்டுரை எழுதினார். உறவில்லாதவர்கள் மாறி மாறி உதவிக்கொள்ளும் வழக்கம் நிலைக்க வேண்டுமானால், வாங்கிக்கொண்டு திருப்பாதவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். நன்றியும் குற்றவுணர்வும் வஞ்சிக்கப்பட்டோம் என்ற கோபமும் அதற்காக மனிதரில் வளர்ந்தவை என்பது அவர் வாதம். அந்தக் கோபம் பிறகு வருகிற கணக்குப்பிள்ளை. முதல் இரவு அந்த ஆள் வேலைக்கே வரவில்லை. பிற்பாடு வந்தவரை வைத்து அன்றைய இரவுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

குறுக்குச்சால்:

முதல் இரவை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். மற்ற இரண்டும் என் கட்சி.

இரவுப்பணி:

எந்த இரவானாலும் நோயாளிக்குப் பக்கத்தில் ஆள் இருந்தார். எங்களுக்கு அது போதும். அவரிடமே கேட்டீர்களா?

மூன்றாம்மாடி:

இன்று கேட்டேன். சுற்றி வளைத்துத்தான். அவருக்கு அந்த மூன்று நாளில் ஒன்றுமே நினைவில்லை. கண் விழித்தபோது பார்த்த முதல் தெரிந்த முகம் அந்த அரைமணிக்காரர். நான் இருந்ததை யாரோ சொல்லித்தான் தெரியுமாம். 'யாரோ என் கையைப் பிடித்திருந்த மாதிரி ஒரு ஞாபகம், அது என் தம்பி என்று நினைத்தேன்' என்றார்.

நான் திருத்தவில்லை. எரிச்சல் பாதி போயிருக்கிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது, மறைப்பானேன்.