"இந்தத் துப்பாக்கியில்தான் சுடப்பட்டது" என்று அறிக்கையில் எழுதலாமா?

குறுக்குவிசாரணை:
பாலிஸ்டிக் அறிக்கையின் கடைசி வரியைப் பற்றித்தான் இந்த இழை. "உருப்படி 2 ஆன வெற்றுத் தோட்டா உறை, உருப்படி 1 ஆன துப்பாக்கியில் சுடப்பட்டது, வேறெந்தத் துப்பாக்கியிலும் சுடப்பட்டிருக்க முடியாது" என்று முடிக்கிறார்கள். முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாம் பாதி எங்கிருந்து வந்தது? உலகத்தில் உள்ள மற்றத் துப்பாக்கிகளை யார் பார்த்தார்கள்? அமெரிக்கத் துப்பாக்கி ஆய்வாளர் சங்கம் 1992-இல் வகுத்த அளவுகோலே, துப்பாக்கி குண்டிலும் உறையிலும் பதிக்கும் தடங்களில் "போதுமான ஒற்றுமை" என்பதுதான். எவ்வளவு இருந்தால் போதும் என்பதை ஆய்வாளரின் கண்ணும் பயிற்சியும் தீர்மானிக்கும். 2023-இல் மேரிலாந்து உச்ச நீதிமன்றம் அப்ருக்வா வழக்கில், தடங்கள் ஒத்துப்போகின்றன என்று வேண்டுமானால் சொல்லலாம், இந்தத் துப்பாக்கியேதான் என்று திட்டவட்டமாகச் சொல்லக்கூடாது என்றது. இங்கேயோ புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 329-இன் கீழ் (பழைய சட்டத்தில் 293), நிபுணரைக் கூண்டில் ஏற்றாமலே அறிக்கை சான்றாகிவிடுகிறது.

இரட்டைலென்ஸ்:
இரண்டு பொருளை அருகருகே காட்டும் ஒப்பீட்டு மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிற வரி இல்லை சார் அது. முதலில் வகைக்கூறுகள்: காலிபர், குழலுக்குள் எத்தனை காடி (குண்டைச் சுழலவைக்கும் பள்ளம்), இடச்சுற்றா வலச்சுற்றா, காடியின் அகலம் எவ்வளவு. கோல்ட் ரிவால்வர் என்றால் ஆறு காடி, இடச்சுற்று. ஸ்மித் அண்ட் வெஸன் என்றால் பெரும்பாலும் ஐந்து, வலச்சுற்று. இதில் ஒன்று இடித்தாலே அந்தத் துப்பாக்கி இல்லை, கதை அங்கேயே முடிந்தது. இடிக்காவிட்டால் சோதனைச் சுடுதல். மூன்று மீட்டர் போல நீளமுள்ள தண்ணீர்த் தொட்டியில், முடிந்தால் சம்பவ இடத்தில் கிடைத்த அதே தயாரிப்புத் தோட்டாவைப் போட்டு, குறைந்தது இரண்டு மூன்று ரவுண்டு. முதலில் அந்தச் சோதனைக் குண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். துப்பாக்கி தன் தடத்தையே திரும்பப் போடவில்லை என்றால் வழக்குக் குண்டை மேடையில் ஏற்றி என்ன பிரயோஜனம்?

அளவுகோலே இல்லை என்பதும் சரியில்லை. தொடர்ச்சியாக ஒத்துப்போகும் கோடுகளை எண்ணும் முறையை அமெரிக்க ஆய்வாளர்கள் பயாசோட்டியும் முர்டாக்கும் வகுத்திருக்கிறார்கள். ஆழமுள்ள தடம் என்றால் மும்மூன்று கோடுகளாக இரண்டு கொத்து, அல்லது ஆறு கோடுகள் சேர்ந்தாற்போல ஒரே கொத்து. ஆழமில்லாத தடத்துக்கு ஐந்தைந்தாக இரண்டு, அல்லது எட்டு.

குறுக்குவிசாரணை:
அந்த எண்ணிக்கையை நம் ஊர் அறிக்கையில் நான் பார்த்ததே இல்லை. இருக்கட்டும். தொழிற்சாலையில் ஒரே வெட்டுக் கருவியில், அதாவது டூலில், அடுத்தடுத்து வெட்டிய குழல்களில் அந்த டூலின் குறையே தடமாக விழுந்துவிடுமே, அதை எப்படிப் பிரிப்பீர்கள்? 2014-இல் வெளியான, அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகம் நடத்திய பிழைவீத ஆய்வையும் எடுத்துக்கொள்வோம். 218 ஆய்வாளர்கள், எல்லாம் ரூகர் எஸ்ஆர்9 கைத்துப்பாக்கிகளில் சுட்ட தோட்டா உறைகள். உண்மையில் வெவ்வேறு துப்பாக்கியிலிருந்து வந்த 2,178 ஜோடிகளில் 22-ஐ "ஒன்றுதான்" என்றார்கள். ஒரு சதவீதம்.

இரட்டைலென்ஸ்:
22-இல் 20-ஐச் செய்தவர்கள் வெறும் ஐந்து பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிழை அந்த ஐவரின் வேலையில் இருக்கிறது, முறையில் இல்லை.

டூல் தடம் பற்றி: காடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மாறாமல் ஓடும் கோடு டூலுடையதாக இருக்கலாம். அதனால்தான் குழலின் உட்பக்கத்தை அச்செடுத்து (காஸ்டிங்) பார்க்கிறோம். சந்தேகம் இருந்தால் அந்தக் கோடு கணக்கிலேயே வராது.

குறுக்குவிசாரணை:
அதே ஆய்வில் 735 ஜோடிகளுக்கு "முடிவு சொல்ல இயலாது" என்றார்கள். அதையும் சேர்த்துச் சொல்வோமே. மூன்றில் ஒரு பங்கு. அவற்றைத் தள்ளிவிட்டு, முடிவு சொன்ன 1,443-ஐ மட்டும் எடுத்தால் 66-க்கு ஒன்று தவறு. தன்னைச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்தே செய்த பிழை அது. வழக்கில், "குற்றவாளியிடம் கைப்பற்றிய துப்பாக்கி" என்று எழுதிய கவரிங் லெட்டரோடு உருப்படி வரும்போது?

மகஜர்மணி:
இரண்டு பேரும் ரூகரிலும் கோல்ட்டிலுமே நிற்கிறீர்கள். தர்மபுரி, நீலகிரிப் பக்கம் காட்டோர வழக்குகளில் வருவது நாட்டுத் துப்பாக்கி. குழல்வாய் வழியாகக் கருமருந்து, மேலே துணியோ தேங்காய் நாரோ திணித்து, பால்ரஸ் போட்டு இடிப்பது. குழலுக்குள் காடி கிடையாது. தோட்டா உறையே கிடையாது. மைக்ரோஸ்கோப்பில் எதை எதோடு வைப்பீர்கள்? அறிக்கை சொல்லக்கூடியது இரண்டுதான்: இது சுடக்கூடிய நிலையில் உள்ளது, சுட்ட எச்சம் குழலில் உள்ளது. எப்போது சுட்டது என்பதுகூட வராது.

அங்கே குழலில் திணித்த அடைப்புத்தான் சாட்சி, அதைத்தான் யாரும் பொறுக்குவதில்லை. உடலுக்குள்ளோ பக்கத்துப் புதரிலோ கருகிய துணித்துண்டு கிடக்கும். கிழிந்த ஓரம் குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டுத் துணியோடு பொருந்தினால், கோடு எண்ணுவதைவிட அது கெட்டியான சான்று. 1784-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டரில் ஜான் டாம்ஸ் என்பவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தது, குழலில் அடைத்திருந்த காகிதத்தின் மீதி அவர் பையில் இருந்ததுதான்.

குறுக்குவிசாரணை:
அப்படியானால் கையில் வெடிமருந்து எச்சம் எடுத்தோம் என்று ஏன் அந்த வழக்குகளிலும் எழுதுகிறார்கள்?

மகஜர்மணி:
பழக்கதோஷம். ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் ஒரே துகளில் இருக்கிறதா என்று எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் தேடுவது தோட்டாவின் பிரைமருக்கான (உறையின் அடியில் முதலில் தீப்பற்றும் பகுதிக்கான) சோதனை. கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி. சிவகாசி வெடியும் அதே சரக்குத்தான். தீபாவளி வாரத்தில் கையில் பொட்டாசியமும் கந்தகமும் இருந்தது என்று சொன்னால் நீதிபதி சிரிப்பார். பிரைமர் எச்சத்துக்கும் காலக்கெடு உண்டு. புழங்கும் கையிலிருந்து நாலு, ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். மறுநாள் ஸ்டேஷனில் எடுத்துப் பலனில்லை.

இரட்டைலென்ஸ்:
நாட்டுத் துப்பாக்கி விஷயத்தில் மணி சொல்வது சரி. ஆனால் வடக்கிலிருந்து வரும் .315 கட்டாவை (தோட்டா போட்டுச் சுடும் கள்ளக் கைத்துப்பாக்கியை) அதோடு சேர்க்காதீர்கள். குழல் வழவழவென்றுதான் இருக்கும், குண்டு எதிலும் பிடிக்காமல் உருண்டு போகும், குண்டில் தடம் தேடுவது வீண். ஆனால் உறையின் அடி அழுந்தும் பரப்பை, அதாவது பிரீச் முகத்தை, அரம் போட்டுக் கையால் தேய்த்திருப்பான். அந்த அரத்தடம் பிரைமரில் பதியும். தொழிற்சாலைத் துப்பாக்கியைவிடத் தனித்தன்மை அதிகம். ஒரே சிக்கல், கடினமில்லாத இரும்பு. சில ரவுண்டிலேயே தடம் மாறும், அதனால் சோதனைக்குச் சுடும் ரவுண்டையும் எண்ணித்தான் சுட வேண்டும்.

சுடுவதும் கையில் பிடித்து இல்லை. வைஸில் இறுக்கி, டிரிக்கரில் கயிறு கட்டி, தடுப்புக்குப் பின்னால் நின்று இழுக்க வேண்டும். வெடித்துவிடும் என்று பயந்து மருந்தைக் கொட்டிவிட்டு பிரைமர் மட்டும் உள்ள உறையைச் சுடுகிறவர்கள் உண்டு. பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னின் குழி அதில் கிடைக்கும். பிரீச் முகத் தடம் சரியாக விழாது, முழு அழுத்தம் இருந்தால்தான் பிரைமர் அதில் நன்றாக அழுந்தும். அப்படி எடுத்த சோதனை உறையை வைத்து "பொருந்தவில்லை" என்று எழுதினால் அதுவும் தப்பு.

மகஜர்மணி:
லேபுக்கு வருவதற்கு முன்பே பாதி கெட்டுவிடுகிறதே. ரத்தம் காயாத குண்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு சீல் வைத்தால் ஈரம் தங்கி ஈயம் வெளுத்துப் பூத்துவிடும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக மெல்லிய காகிதத்தில் சுற்றிச் சின்ன அட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும். இரும்பு இடுக்கி கூடாது, முனையில் ரப்பர் இருக்க வேண்டும். குழலுக்குள் பேனாவை விட்டுத் தூக்கவே கூடாது. ரிவால்வர் என்றால் உருளையைத் திறக்குமுன் குழலுக்கு நேரே எந்த அறை என்று இரண்டு பக்கமும் குறியிட்டு, எந்த அறையில் என்ன இருந்தது என்று மகஜரிலேயே எழுத வேண்டும். "ஒரு ரிவால்வர், ஆறு தோட்டாக்கள்" என்ற மகஜரை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. துப்பாக்கியும் உறையும் ஒரே படிவம் 95-இல் (கைப்பற்றிய பொருட்களைக் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம்) ஒரே நாளில் கோர்ட்டுக்குப் போயிருந்தால் வக்கீல் சாருக்குக் கேள்வி கிடைத்துவிட்டது: உறையை எடுத்தது முதல் நாளா, துப்பாக்கி கிடைத்த பிறகா?

குறுக்குவிசாரணை:
அதைக் கேட்காமல் விட்டதே இல்லை. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களுக்குத் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் 176(3) சொல்கிறது. நல்லது. ஆனால் அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். அதுவரை?

இரட்டைலென்ஸ் சாரிடம் நேராகவே கேட்கிறேன். "வேறெதிலும்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் உங்கள் வேலையில் என்ன குறையும்?

இரட்டைலென்ஸ்:
ஒன்றும் குறையாது. எடுத்துவிடலாம். ஆனால் "ஒத்துப்போகிறது" என்று மட்டும் எழுதினால், காலிபர் ஒத்ததையும் பிரீச் முகத்தில் கொத்துக்கொத்தாகக் கோடு ஒத்ததையும் நீதிமன்றம் ஒரே தட்டில் வைத்துவிடும். அதற்கு நான் ஒப்பமாட்டேன். எந்தப் பரப்பில், எத்தனை கொத்து, எது ஒக்கவில்லை, இரண்டாம் ஆய்வாளர் முதல்வரின் முடிவு தெரியாமல் பார்த்தாரா, இவ்வளவும் அறிக்கையிலேயே வரட்டும்.

குறுக்குவிசாரணை:
இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: வழக்குக் குண்டின் தடங்களை ஒர்க் ஷீட்டில் குறித்தது சோதனைக் குண்டைப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா? தேதியும் நேரமும் வேண்டும். பின்பு என்றால், விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டதாகத்தான் நான் வாதிடுவேன்.