பிக்சல் 9ஏ, ஐபோன் 16இ, கேலக்ஸி ஏ56, நத்திங் 3ஏ: ஐந்து வருஷம் ஓட எது சரி?

திருகாணி (கேள்வி):

பழைய ஆண்ட்ராய்டு போனை மாற்ற வேண்டும். நடுத்தர விலையில் தேடி, கடைசியில் நாலு மிஞ்சியிருக்கின்றன: பிக்சல் 9ஏ, ஐபோன் 16இ, கேலக்ஸி ஏ56, நத்திங் போன் 3ஏ. ஐந்து வருஷம் மாற்றாமல் ஓட்டணும். கையில் கேலக்ஸி வாட்ச் 6, மேஜையில் விண்டோஸ் லேப்டாப். வீட்டில் மற்ற எல்லோரிடமும் ஐபோன். வாட்ஸ்அப் மட்டுமே 40 ஜிபி தேறும். கேம் விளையாடுவதில்லை. கேமரா, பேட்டரி, பாதுகாப்பு அப்டேட் மூன்றும்தான் முக்கியம். ஸ்பெக்கை வரிசையாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகிறது. எதை வைத்து முடிவு பண்ணுவது?

அலைவரிசை:

முதலில் வாட்சைப் பாருங்கள், போன் அப்புறம். வாட்ச் 4-இல் சாம்சங், கூகுளின் வாட்ச் மென்பொருளான வேர் ஓஎஸ்ஸுக்கு மாறியது. அதிலிருந்து வந்த எந்த கேலக்ஸி வாட்சும் ஐபோனோடு இணையாது. 16இ எடுத்தால் உங்கள் வாட்ச் பெட்டிக்குள் போகும், அதன் செலவையும் போன் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பிக்சலிலும் நத்திங்கிலும் வாட்ச் வேலை செய்யும்: அறிவிப்பு, தூக்கக் கணக்கு, இதயத் துடிப்பு எல்லாம் வரும். ஆனால் ஈசிஜியும் ரத்த அழுத்தமும் சாம்சங் ஹெல்த் மானிட்டர் செயலி வழியாகத்தான், அதற்கு சாம்சங் போனே வேண்டும். இந்த இரண்டையும் நீங்கள் பயன்படுத்துகிறீர்களா என்பதே முதல் கேள்வி.

அடுத்து அப்டேட். இதில் எல்லோரும் தவறவிடுவது, கணக்கு தொடங்குவது போன் வெளியான நாளிலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பிக்சல் 9ஏ வந்தது 2025 ஏப்ரல், ஏழு வருஷம் என்றால் 2032 வரை. ஏ56 வந்தது 2025 மார்ச், ஆண்ட்ராய்டு பதிப்பும் பாதுகாப்பும் ஆறு வருஷம், 2031 வரை. நத்திங் 3ஏ-வுக்குப் பாதுகாப்பு ஆறு வருஷம் இருந்தாலும் ஆண்ட்ராய்டு பதிப்பு மூன்று வருஷம்தான். ஆப்பிள் பெரிய வாக்குறுதி எதுவும் தருவதில்லை, ஆனால் பழைய கணக்கு நல்ல கணக்கு: 2018-இல் ஐஓஎஸ் 12-உடன் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024-இல் ஐஓஎஸ் 18 வரை வாங்கியது. இன்னும் ஒரு வருஷம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால் நத்திங்கில் இந்த இடைவெளி சட்டென்று உறைக்கும்.

கேமரா: 16இ-இல் பின்னால் ஒரே லென்ஸ், 48 மெகாபிக்சல். நடுப்பகுதியை வெட்டி 2 மடங்கு ஜூம் தருகிறது, அது நன்றாகவே இருக்கும். ஆனால் அல்ட்ராவைட், அதாவது அகலமான காட்சியைப் பிடிக்கும் லென்ஸ், கிடையாது. சின்ன அறைக்குள் பத்துப் பேரை நிற்கவைத்து எடுக்க வேண்டுமென்றால் பின்னால் நகர இடம் இருக்காது, அப்போது தெரியும் அதன் அருமை. 9ஏ-வில் 48-உடன் 13 மெகாபிக்சல் அல்ட்ராவைட். ஏ56-இல் 50, 12, அப்புறம் ஒரு 5 மெகாபிக்சல் மேக்ரோ (மிக அருகில் எடுக்கும் லென்ஸ்). அந்த மேக்ரோவை எண்ணிக்கையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 9ஏ-வின் முதன்மை கேமராவே பக்கத்தில் போய் ஃபோகஸ் பண்ணும், அதுதான் உருப்படியான மேக்ரோ. நத்திங்கில் 2 மடங்கு ஆப்டிகல் டெலி (தூரத்தை நெருக்கிக் காட்டும் லென்ஸ்) உண்டு, ஆள் படத்துக்கு நல்லது. அல்ட்ராவைட் 8 மெகாபிக்சல்தான், இருட்டில் சொதப்பும்.

வீடியோவே பிரதானம் என்றால் மட்டும் 16இ முன்னால் நிற்கிறது.

மின்தடம்:

மேலே சொன்னதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். சிப்பைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. "கேம் ஆடலை, அப்புறம் வேகம் எதுக்கு?" என்று விட்டுவிடக் கூடாது. இன்று நாலு போனும் வழுக்கிக்கொண்டுதான் ஓடும். வித்தியாசம் நாலாவது வருஷம் தெரியும்: செயலிகள் பெருத்திருக்கும், ஸ்டோரேஜ் நிரம்பியிருக்கும். சிங்கிள் கோர் வேகத்தில் (சிப்பின் ஒரு கோர் தனியாக ஓடும் வேகம்) 16இ-இன் ஏ18 சிப், பிக்சலின் டென்சர் ஜி4 சிப்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது வீண் அல்ல, வயதாவதைத் தள்ளிப்போடும். நத்திங் 3ஏ-வில் ஸ்டோரேஜ் யுஎஃப்எஸ் 2.2, ஏ56-இல் அதைவிட வேகமான யுஎஃப்எஸ் 3.1. வாட்ஸ்அப்பே 40 ஜிபி என்பவருக்கு இது முக்கியம். நாலிலும் மெமரி கார்டு இடம் இல்லை, அதனால் 256 ஜிபியே எடுங்கள்.

16இ-இல் விட்டுக்கொடுப்பவை: திரை 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவைதான் புதுப்பிக்கும்), பின்னால் மேக்சேஃப் காந்தம் (சார்ஜர், கவர் ஒட்டிக்கொள்ள) இல்லை, அல்ட்ரா வைட்பேண்ட் சிப் (பொருள் இருக்கும் திசையைத் துல்லியமாகக் காட்டுவது) இல்லை. கடைசியாகச் சொன்னதால் ஏர்டேகை (சாவி, பையில் மாட்டும் ஆப்பிளின் தேடல் வில்லை) அம்புக்குறி காட்டித் தேட முடியாது, சத்தம் எழுப்பித்தான் தேடணும்.

ஐபோனுக்குப் போவதென்று முடிவானால் வாட்ஸ்அப்பை மாற்றும் வரிசை பிசகக் கூடாது:

புது ஐபோன் அமைக்காத நிலையில் இருக்கணும், ஏற்கெனவே அமைத்திருந்தால் அழித்துவிட்டுத்தான் தொடங்கணும். பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியைப் போடுங்கள். இரண்டு போனையும் சார்ஜரில் செருகி, ஒரே வைஃபையில் வையுங்கள். ஐபோன் காட்டும் எண்ணை ஆண்ட்ராய்டில் அடித்ததும் எதையெல்லாம் மாற்றுவது என்ற பட்டியல் வரும். அதில் வாட்ஸ்அப்பைத் தொட்டு, 'ஸ்டார்ட்' கொடுத்து, தரவு தயாராகும்வரை காத்திருங்கள். முடியும்வரை அந்தத் திரையை விட்டு வெளியே வராதீர்கள், அழைப்பு வந்தாலும் எடுக்காதீர்கள். பிறகு ஐபோனில் வாட்ஸ்அப் போட்டு, அதே எண்ணில் நுழையுங்கள். கூகுள் டிரைவ் பேக்கப்பை ஐபோன் படிக்காது. அதை நம்பிப் பழைய போனை அழித்தால் உரையாடல் அவ்வளவும் போச்சு.

காசு கொடுத்து வாங்கிய செயலிகள் பிளே ஸ்டோரிலிருந்து ஆப் ஸ்டோருக்கு உங்களோடு வராது. பாஸ்கீகளையும் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் டிஜிட்டல் சாவி) ஒவ்வொரு கணக்கிலும் புதிதாகப் பதிந்துகொள்வதே பாதுகாப்பு. அது முடிகிறவரை பழைய போன் உயிரோடு இருக்கட்டும்.

மின்கலம்:

9ஏ வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்க. அதில் 'பேட்டரி ஹெல்த் அசிஸ்டன்ஸ்' என்று ஒன்று கட்டாயமாக ஓடும், நிறுத்த வழியில்லை. 200 சார்ஜ் சுழற்சியில் தொடங்கி 1,000 வரை படிப்படியாக உச்ச மின்னழுத்தத்தைக் குறைக்கும், அதாவது முழுச் சார்ஜில் கிடைக்கும் கொள்ளளவு குறையும். ஒரு சுழற்சி என்பது மொத்தமாக 100 சதவீதம் செலவாவது, இன்று 60, நாளை 40 என்றாலும் ஒன்றுதான். நாளுக்கு 70 சதவீதம் செலவழிப்பவருக்கு வருஷத்தில் சுமார் 255 சுழற்சி. ஆக முதல் வருஷம் முடியும் முன்பே குறைப்பு ஆரம்பம், நாலாவது வருஷம் கடைசிப் படி. பேட்டரி உப்பாமல் பார்த்துக்கொள்ள இது நல்லதே. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 5,100 எம்ஏஎச் ஐந்து வருஷமும் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீங்க. மூன்றாம் வருஷ முடிவில் பேட்டரி மாற்றும் செலவை இப்போதே ஒதுக்கிவைங்க.

அந்த போனில் 120 ஹெர்ட்ஸ் ஆரம்பத்தில் அணைந்திருக்கும். டிஸ்ப்ளே அமைப்பில் 'ஸ்மூத் டிஸ்ப்ளே'யைப் போட்டால்தான் வரும். போடாமலே "திரை சுமார்" என்று எழுதுகிறவர்கள் உண்டு.

சார்ஜர் விஷயம்: ஏ56-இன் 45 வாட் வேணும்னா சார்ஜர் பிபிஎஸ் (மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வசதி) உள்ளதாகவும், கேபிள் 5 ஆம்பியர் தாங்குவதாகவும் இருக்கணும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் போன் குரல் எழுப்பாது, சும்மா மெதுவாக ஏறும். ஆள்கள் போனைக் குறை சொல்வார்கள், குற்றவாளி கேபிள். 9ஏ 23 வாட்தான், ஆனால் வயர்லெஸ் உண்டு. ஏ56-இலும் நத்திங்கிலும் வயர்லெஸ் கிடையாது.

திருகாணி:

ஈசிஜி, ரத்த அழுத்தம் இரண்டும் பயன்படுத்துவதில்லை. ஐபோன் பட்டியலிலிருந்து போகிறது. இரண்டு சந்தேகம் மட்டும்: வீட்டில் எல்லோரும் ஐபோன் என்பதால் எதை இழப்பேன்? லேப்டாப்போடு 9ஏ எப்படி?

அலைவரிசை:

அப்படியானால் 9ஏ-வையே எடுங்கள். அப்டேட் ஒரு வருஷம் கூடுதல், கேமராவும் மேல்.

வீட்டு விஷயம்: ஐஓஎஸ் 18-இலிருந்து ஐபோனிலும் ஆர்சிஎஸ் (எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறைச் செய்தி முறை) உண்டு, மொபைல் நிறுவனம் ஆதரித்தால் படங்கள் நசுங்காமல் போகும். ஃபேஸ்டைம் அழைப்புக்கு அவர்கள் லிங்க் அனுப்பினால் பிரவுசரில் சேரலாம், நீங்களாக அழைக்க முடியாது. ஐகிளவுட் பகிர்வுப் புகைப்படத் தொகுப்பில் உறுப்பினராகச் சேர முடியாது, அதுதான் உண்மையான இழப்பு. கூகுள் போட்டோஸில் ஒரு பொது ஆல்பம் தொடங்கி அவர்களையும் அதற்கு இழுங்கள். ஒரே வைஃபையில் பெரிய கோப்பு அனுப்ப 'லோக்கல்செண்ட்' செயலி இரண்டு பக்கமும் ஓடும்.

லேப்டாப்: விண்டோஸின் 'போன் லிங்க்' பிக்சலில் அழைப்பு, செய்தி, அறிவிப்பு, படம் வரை தரும். போன் திரையையே லேப்டாப்பில் விரிப்பது சாம்சங் உள்ளிட்ட சில நிறுவனங்களுக்குக் கிடைத்த சலுகை, பிக்சலுக்கு இல்லை. கேபிளில் மாற்றுவதற்கு 9ஏ நல்லது, அது யுஎஸ்பி 3. ஏ56 யுஎஸ்பி 2, அதாவது ஏட்டில் நொடிக்கு 60 எம்பி, கைக்கு வருவது 40-ஐத் தாண்டுவதே அபூர்வம். 100 ஜிபி எடுக்க முக்கால் மணி நேரம். ஆனால் 9ஏ-வுக்கும் யுஎஸ்பி 3 கேபிள் தனியாக வேண்டும், சார்ஜ் கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2 வேகம்தான்.

மின்தடம்:

உங்கள் 40 ஜிபி வாட்ஸ்அப்புக்கு டிரைவ் பேக்கப் வழி வேண்டாம். அது இப்போது கூகுளின் இலவச 15 ஜிபிக்குள் கணக்காகிறது, உங்களுடையது கொள்ளாது. பழைய போனில் அமைப்புகள், சாட்ஸ், 'டிரான்ஸ்பர் சாட்ஸ்' போய், புது போன் காட்டும் க்யூஆரைப் படம் பிடியுங்கள். இரண்டிலும் வைஃபையும் லொகேஷனும் இயக்கத்தில் இருக்கணும், எண் ஒன்றாக இருக்கணும். புது போனில் வாட்ஸ்அப்பை முதல் முறை திறக்கும்போதே இதைச் செய்யுங்கள். அவசரத்தில் தவிர்த்துவிட்டு உள்ளே போய்விட்டால், செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் பதிவிலிருந்து தொடங்க வேண்டிவரும்.