அப்டேட்டுக்குப் பிறகு 48 இலக்க பிட்லொக்கர் கீ கேட்கிறது, உதவி தேவை

வணக்கம். தங்கச்சியின் லெப்டொப் செவ்வாய் இரவிலிருந்து திறக்கவில்லை. விண்டோஸ் 11 ஹோம், 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இரண்டு வருடம் முன் பம்பலப்பிட்டியில் பாவித்ததாக வாங்கியது. நாங்கள் இருப்பது வெள்ளவத்தை.

அப்டேட் 30 வீதத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பற்றரி ஏற்கெனவே பலவீனம், அப்படியே அணைந்துவிட்டது. மறுபடி போட்டதும் நீலத்திரை, பிட்லொக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரிகவரி கீ கேட்கிறது. நாங்கள் பிட்லொக்கரைத் தொட்டதே இல்லை.

தங்கச்சியின் மைக்ரோசொப்ட் கணக்கில் போனில் போய்ப் பார்த்தோம், இந்தக் கருவிக்கு எந்தக் கீயும் இல்லை. அவளுடைய பழைய மின்னஞ்சலிலும் இல்லை. ஸ்டார்ட்அப் ரிப்பேர் சரிவரவில்லை. அப்டேட்டை நீக்கப் போனால் அங்கேயும் அதே கீ. உபுண்டு யூஎஸ்பியில் ஏற்றிப் பார்த்தேன், டிரைவ் தெரிகிறது, ஆனால் பூட்டியிருக்கிறது. பயாஸில் எதையும் மாற்றவில்லை. வாங்கிய கடையில் போர்மட் அடிக்கலாம் என்கிறார்கள். அதைத்தான் செய்ய முடியாது: கம்பஸ் இறுதியாண்டு ஆய்வு முழுக்க உள்ளே இருக்கிறது. நான்கு மாதம் வீடு வீடாகப் போய் எடுத்த நேர்காணல்கள், வேறு கொப்பி இல்லை. பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

திரையில் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகள் தெரிகின்றன, எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த ஐடிக்குரிய கீ, இந்த இரண்டு கணக்குகளையும் தவிர வேறு எங்கே சேமிக்கப்பட்டிருக்கலாம்?