நீண்டு ஓடும் சரித்திர சீரிஸ்கள்: வரிசை, குறிப்பு, சறுக்கும் இடங்கள்

இருபது புத்தகம் ஓடும் சீரிஸை எடுப்பவர்கள் முதலில் கேட்பது, வெளிவந்த வரிசையில் படிப்பதா, கதை நடக்கும் கால வரிசையில் படிப்பதா என்றுதான். முதல் வாசிப்புக்கு வெளிவந்த வரிசைதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

எகிப்து அகழாய்வைச் சுற்றி நடக்கும் அமீலியா பீபடி சீரிஸைப் பாருங்கள். முதல் நாவல் 1975-ல் வந்தது, இருபதாவது 2017-ல். கதை 1884-ல் தொடங்கிப் பெரும்பாலும் அகழாய்வுப் பருவம் பருவமாக முன்னே போகிறது. 1998-ல் வந்த நாவல் 1906-07 பருவத்தைச் சொல்கிறது. அடுத்த ஆண்டு வந்த நாவல் நேராக 1911-க்குத் தாவிவிடுகிறது. அந்த இடைவெளிக்குள் நடக்கும் கதைகளை ஆசிரியர் 2004-லும் 2010-லும்தான் எழுதினார். அதற்குள் அடுத்த தலைமுறையின் காதல் யாரோடு முடிகிறது என்பது 2000-ல் வந்த நாவலிலேயே தெரிந்துவிட்டது. ஆக, பின்னால் செருகிய இரண்டும் முடிவு தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. கால வரிசை என்று அவற்றை முன்னால் இழுத்துப் படித்தால், பல ஆண்டுகள் மெதுவாகச் சூடேறி வந்த காதல் நடுவில் ஆறிப்போகும். இரண்டாவது சுற்றில் கால வரிசை தாராளமாக இருக்கட்டும்.

* * *

மேலே சொன்னது காதலுக்குப் பொருந்துகிறது. துப்பறியும் பக்கத்தில் சேதம் இன்னும் அதிகம். எல்லிஸ் பீட்டர்ஸின் பிரதர் காட்ஃபெல் சீரிஸ் 1977 முதல் 1994 வரை இருபது நாவல்கள். இங்கிலாந்தில் ஸ்டீபன் மன்னருக்கும் மாடில்டாவுக்கும் நடந்த உள்நாட்டுப் போர்தான் பின்னணி. ஷ்ரூஸ்பரி மடத்தில் மூலிகைத் தோட்டம் பார்க்கும் துறவி துப்பறிகிறார்.

இரண்டாவது நாவலின் அடித்தளமே ஒரு எண்தான். 1138-ல் ஷ்ரூஸ்பரி கோட்டையைப் பிடித்த ஸ்டீபன், உள்ளே எதிர்த்து நின்றவர்களைக் கொத்தாகத் தூக்கிலிட்டது வரலாறு. நாவலில் தூக்கிலிடப்பட்டவர்கள் 94 பேர். அடக்கம் செய்யப் போகும் காட்ஃபெல் எண்ணிப் பார்த்தால் 95 உடல்கள். அரசனே செய்த கொலைகளுக்குள் தனி ஆள் ஒருவன் தன் கொலையை ஒளித்துவைத்திருக்கிறான். சரித்திரமும் மர்மமும் பிரிக்கவே முடியாதபடி பின்னிக்கொள்வது என்றால் இதைத்தான் காட்டுவேன். பின்னணியை மாற்றிப் பாருங்கள், இந்தக் குற்றமே நிற்காது.

அதே நாவலில் நம்பலாமா கூடாதா என்று கடைசிவரை அலைக்கழிக்கும் ஓர் இளைஞன் வருகிறான். பெயர் வேண்டாம். பின்வரும் புத்தகம் எதையாவது முதலில் படித்தவருக்கு அவன் யார் பக்கம் என்பது முன்பே தெரிந்துவிடும். பாதி சுவாரசியம் அங்கேயே போச்சு. முதல் நாவலில் புனித வினிஃப்ரெட்டின் எலும்புகளைச் சுற்றி ஒரு ரகசியம் உருவாகிறது. 10-ஆம் புத்தகமும் 19-ஆம் புத்தகமும் அதன்மேல்தான் நிற்கின்றன. 6-ல் தெரியவரும் ஒரு செய்தி 10-ல் தலைகாட்டி, 20-ல் முழுக் கதையாகவே ஆகிறது. எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்பவர்கள் 1, 2, 6, 10, 19, 20 என்று போனால் கதையின் முதுகெலும்பு உடையாது.

* * *

காதல் சீரிஸ்களில் வரிசையைவிட ஆளைக் குழப்புவது பெயர்கள்தான். ஆங்கிலப் பிரபுக் குடும்பத்தில் ஒரே ஆளுக்கு மூன்று அழைப்புகள் இருக்கும். பிரிட்ஜர்டன் என்ற காதல் சீரிஸில் முதல் புத்தகத்தின் நாயகன் நெருங்கியவர்களுக்கு சைமன், குடும்பப் பெயர் பாசெட், ஊருக்குப் பட்டப் பெயரான ஹேஸ்டிங்ஸ். மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் புதியவர் மூன்று பேர் என்றே நினைப்பார். லேடி என்ற சொல்லும் இரண்டு வழியில் வரும். ட்யூக் என்ற உயர்ந்த பிரபுவின் மகள் என்றால் லேடிக்குப் பின் சொந்தப் பெயர். நைட் பட்டம் பெற்றவரின் மனைவி என்றால் லேடிக்குப் பின் குடும்பப் பெயர். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே ஒரு பெண் பிறந்த வீட்டுப் பெருமையில் வருகிறாரா, கணவர் வழியில் வருகிறாரா என்று புரிந்துவிடும்.

ஒரு சீரிஸுக்கு ஒரு தாள் போதும். ஆளின் பெயர், வேறு அழைப்புகள், பிறந்த ஆண்டு அல்லது வயது, கடைசியாகப் பார்த்த புத்தக எண். நான்கே கட்டங்கள். அவர் குணம், தோற்றம் எல்லாம் எழுதினால் மூன்றாவது புத்தகத்தோடு தாளை மூடி வைத்துவிடுவீர்கள்.

புத்தகத்தின் முன்பக்கத்தில் வம்சாவளி அட்டை இருந்தால் பார்க்காமல் தாண்டிவிடுங்கள். யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பதை அது ஒரே பார்வையில் சொல்லிவிடும். பிரிட்ஜர்டனில் இன்னொன்று: 4, 5, 6 மூன்றிலும் 1824-ஆம் ஆண்டு வருகிறது. ஒன்றில் மூலையில் கேட்கும் செய்தி இன்னொன்றில் முக்கிய நிகழ்ச்சி. இடைவெளி விடாமல் அடுத்தடுத்துப் படித்தால்தான் அந்தப் பின்னல் கண்ணில் படும். தொலைக்காட்சித் தொடர் மூன்றாவது சீசனில் நான்காவது புத்தகத்தைக் கையில் எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் புத்தக வரிசையும் அதுதான் என்று நம்ப வேண்டாம்.

* * *

காலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பேராசிரியராக இருக்கத் தேவையில்லை. சில ஆண்டுகளை மனதில் வைத்திருந்தால் போதும். உரசிப் பற்றவைக்கும் தீக்குச்சி 1827-ல்தான் விற்பனைக்கு வந்தது. 1815 வாட்டர்லூ போர்க் காலத்து நாயகன் தீக்குச்சி கிழித்தால் அது பிழை. லண்டன் மாநகரக் காவல் துறை தொடங்கியது 1829. ஆர்செனிக் நஞ்சைக் கண்டுபிடிக்கும் மார்ஷ் சோதனை 1836. அதற்கு முன் ஆர்செனிக்கை நீதிமன்றத்தில் உறுதியாக நிறுவுவது பெரும்பாடு. ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவு 1901.

கடிதத்தைக் கவனியுங்கள், துப்புகளில் பாதி அங்கேதான் இருக்கும். 1840-க்கு முன் பிரிட்டனில் தபால் கட்டணத்தைப் பெரும்பாலும் கொடுத்தது வாங்குபவர். தாள் கூடினால் கட்டணம் கூடும், உறையும் ஒரு தாள் கணக்கு. அதனால் எழுதிய தாளையே மடித்து அரக்கு வைப்பார்கள். 1815-ல் குப்பைக்கூடையில் கிடந்த தபால் உறையை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கும் கதையை நான் நம்பிப் படிக்க மாட்டேன். பணம் கொடுக்க முடியாமல் வாங்க மறுத்த கடிதம் என்பது அந்தக் காலத்துக்கே உரிய அருமையான துப்பு.

திருமணமும் அப்படித்தான். 1754 முதல் இங்கிலாந்தில் மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவிப்பு, இல்லாவிட்டால் உரிமம். உரிமம் வாங்கிக் கட்டிக்கொள்ள 21 வயது ஆகாதவருக்குத் தந்தையின் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்தில் இந்தச் சட்டம் இல்லை என்பதால்தான் காதலர்கள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்கு ஓடுகிறார்கள். எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணக்க அனுமதிக்கும் சிறப்பு உரிமம் கேன்டர்பரி பேராயரிடம் மட்டுமே கிடைக்கும். கிராமத்துப் பாதிரியார் அதை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் ஆசிரியர் சறுக்கிவிட்டார்.

* * *

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஒரே நாவல் இரண்டு பெயரில் இருக்கும். போல்டார்க் சீரிஸின் முதல் நாவல் அமெரிக்காவில் 'தி ரெனிகேட்' என்று வந்தது. 'அவுட்லேண்டர்' பிரிட்டனில் 'கிராஸ் ஸ்டிட்ச்'. பதிப்புரிமைப் பக்கத்தில் முதல் பதிப்பின் ஆண்டைப் பாருங்கள், அட்டையை நம்பாதீர்கள்.

போல்டார்க்கில் நான்காவது நாவல் 1953, ஐந்தாவது 1973. எழுத்தின் நடையே மாறியிருப்பது தெரியும், அது உங்கள் மனப்பிரமை அல்ல. ஏழாவது 1799-ல் முடிந்து எட்டாவது 1810-ல் திறக்கும். நேற்றுவரை குழந்தையாக இருந்தவர்கள் காதலிக்கத் தொடங்கியிருப்பார்கள். நிறையப் பேர் விட்டுவிடுவது இங்கேதான். நூறு பக்கம் பொறுத்துக்கொண்டால் புதிய தலைமுறை பிடித்துப்போகும்.

* * *

நம்ம 'பொன்னியின் செல்வ'னையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம். 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்து ஐந்து பாகமானது. அத்தியாயத்தின் கடைசி வரி அடுத்த வாரம்வரை இழுத்துப் பிடிக்க எழுதப்பட்டது. ஆகவே அத்தியாய முடிவில் நிறுத்த முடியாது. அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் போய், முடிச்சு தளர்ந்த இடத்தில் நிறுத்துங்கள். ஆதித்த கரிகாலன் கொலையில் துரோகிகள் யார் என்பதை உடையார்குடிக் கல்வெட்டு பெயரோடு சொல்கிறது. நாவலை முடித்தபின் அதைப் படிப்பது நல்லது.

கல்கியிலும் வரிசைச் சிக்கல் உண்டு. 'பார்த்திபன் கனவு' முதலில் எழுதப்பட்டது. 'சிவகாமியின் சபதம்' பின்னால் வந்தாலும் கதை முந்தியது. சபதத்தை முதலில் முடித்தவருக்குக் கனவில் வரும் நரசிம்மவர்மரின் ஒவ்வொரு மௌனமும் கனக்கும். மர்மம் என்று பார்த்தால் கனவுதான் முதலில். இந்த ஒரு இடத்தில் இரண்டு வரிசைக்கும் நியாயம் இருக்கிறது.

* * *

பாதியில் விட்ட சீரிஸுக்குத் திரும்பும்போது இணையத்தில் ஆள் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். முதல் வரியிலேயே இறந்த ஆண்டும் மனைவி பெயரும் வரும். கடைசியாகப் படித்த புத்தகத்தின் கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் மறுபடி படியுங்கள். பெரும்பாலும் அங்கேயே எல்லாரும் ஒருமுறை வந்துபோயிருப்பார்கள்.